பெரிய பம்ப் ஒன்று வைத்தால் தெருவில் தண்ணீர் நிற்காதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: சிங்கப்பூரின் கிழக்குக் கரையோரம், காத்தோங்கில் தரைவீட்டில் குடியிருக்கிறீர்கள், பதினைந்து நிமிடம் நடந்தால் கடல். ஆனாலும் டிசம்பரில் ஒரு காலை மழைக்கு வாசல் லோங்காங் (தெரு வடிகால்) நிரம்பி, கார் நிறுத்தும் இடம்வரை தண்ணீர் ஏறிவிட்டது. மழை விட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. “கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும்? பெரிய பம்ப் ஒன்றை வைத்து இறைத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தண்ணீர் ஏன் கடலுக்குப் போகவில்லை என்பது ஒன்று. பம்ப் மட்டும் போதுமா என்பது மற்றொன்று. அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். இருபது வருடத்துக்கு மேலாக சிங்கப்பூரில் மழைநீர் பம்ப் நிலையங்களை அமைப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. உங்கள் தெருவை நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் கடல். அது பக்கத்தில் இருப்பதால் மட்டும் வடிகாலுக்கு லாபம் எதுவும் இல்லை. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் ஓடும், ஆகவே கடல் அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம் வரும். வடகிழக்குப் பருவக்காற்று பலமாக வீசும் நாள்களில் தென்சீனக் கடலின் நீர் இந்தப் பக்கம் தள்ளப்பட்டு மட்டம் இன்னும் கொஞ்சம் கூடும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மழை வந்தால், கால்வாய் அதைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதே மழை கடல் ஏறியிருக்கும் நேரத்தில் வந்தால், கால்வாயின் வாசலில் கடலே வந்து நின்றுகொண்டிருக்கும். உள்ளே நீர்மட்டம் கடல்மட்டத்தைத் தாண்டும்வரை ஒரு சொட்டும் வெளியே போகாது. பருவமழையும் உயர்ந்த ஓதமும், அதாவது கடல் ஏற்றமும், ஒரே மாதங்களில் சேர்ந்து வருவதுதான் நம் ஊரின் சங்கடம்.

காத்தோங்குக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருக்கும் நிலம் முழுக்கக் கடலைத் தூர்த்து எடுத்தது. அந்த வேலை 1966-ல் தொடங்கியது. அதற்கு முன் அங்கே கடற்கரை வீடுகளின் பின்வாசலில் அலை அடித்தது. நிலம் வெளியே நீண்டபோது, வீட்டுக்கும் கடலுக்கும் இடையே கால்வாயும் நீண்டது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவு கொடுத்தால்கூட ஒரு கிலோமீட்டர் கால்வாயில் ஒரு மீட்டர் உயரம் செலவாகிவிடும். பழைய தரை ஏற்கெனவே தாழ்வு. அதில் ஒரு மீட்டரை இழப்பது பெரிய இழப்பு. பழைய கரையோரத் தெருக்களில் வடிகால் போடுகிறவர்கள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணக்குப் பார்ப்பது இதனால்தான்.

கடல் உள்ளே புகாமல் இருக்கக் கால்வாய் வாயில் கதவு வைக்கலாம். வெளியே மட்டும் திறக்கும் ஃபிளாப் கதவு எளிமையானது, மின்சாரமே வேண்டாம். ஆனால் கடல்நீரில் எந்த இரும்பும் சும்மா இருக்காது. கதவு உட்காரும் விளிம்பில் கொட்டலசு என்ற ஓடுள்ள சின்னக் கடலுயிர் ஒட்டி வளரும். ஒரு விரல் அளவு இடைவெளி விட்டாலும் ஏற்ற நேரம் முழுக்கக் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். நான் சுரண்டி எடுத்த ஓடுகளை வாளி வாளியாக அள்ளியிருக்கிறேன். சரி, கதவு ஒழுங்காக மூடிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். கடல் வராது, ஆனால் உள்ளே விழும் மழைக்கும் வழி அடைபட்டுவிட்டது. அங்கேதான் பம்ப் வருகிறது.

இப்போது ஒரு கணக்கு. 10 ஹெக்டேர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட பதினான்கு கால்பந்துத் திடல் அளவு. எங்கும் வீடு, தார், சிமெண்டு என்பதால் விழுகிற மழையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும். மணிக்கு 120 மில்லிமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் மழை. அப்படியானால் நொடிக்கு 3 கனமீட்டர், அதாவது ஒவ்வொரு நொடியும் 3 டன் தண்ணீர் வந்து சேரும். அரை மணியில் மொத்தம் 5,400 கனமீட்டர். இதை முழுக்க பம்ப்பாலேயே சமாளிக்க வேண்டுமென்றால் நொடிக்கு 3 கனமீட்டர் இறைக்கும் பம்ப் வேண்டும். 4 மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய 150 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். மாற்று பம்ப் இன்னொன்று, இரண்டையும் தாங்கும் மின் பேனல், அவ்வளவு பெரிய ஜெனரேட்டர், எல்லாம் வருடத்தில் சில மணி நேரம் ஓடுவதற்காக. அதைவிட முக்கியம், அந்த 3 டன்னும் அதே நொடியில் பம்ப்பிடம் வந்து சேர வேண்டும். தெரு லோங்காங் குறுகலாக இருந்தால் தண்ணீர் தெருவில் நிற்கும், பம்ப் கிணறு பாதி காலியாக இருக்கும்.

அதே இடத்தில் 3,600 கனமீட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று இருந்தால் நொடிக்கு 1 கனமீட்டர் இறைக்கும் பம்ப் போதும், 50 கிலோவாட் சமாச்சாரம். மழை பெய்யும் அரை மணியில் பம்ப் 1,800 கனமீட்டரை வெளியேற்றும், மிச்சம் தொட்டியில் காத்திருக்கும், மழை விட்ட ஒரு மணி நேரத்தில் தொட்டியும் காலி. கணக்குப் போட்ட ஒவ்வொரு இடத்திலும் எனக்குக் கிடைத்த விடை இந்த வகையில்தான் இருந்தது: தண்ணீர் காத்திருக்க இடம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பம்ப்பின் அளவு அதிலிருந்துதான் வரும். கண்மாய் வெட்டி, மதகும் கலிங்கும் வைத்த நம் முன்னோர் ஊருக்குப் போனால் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மரினா அணைக்கட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், புல்தரையில் பட்டம் விட்டிருப்பீர்கள். 2008-ல் திறந்தது. 9 கதவுகள், 7 பம்ப்புகள். கடல் வற்றியிருக்கும்போது கனமழை வந்தால் கதவுகளைத் தாழ்த்தித் தண்ணீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் கதவை மூடிவைத்து பம்ப் போடுவார்கள். ஒவ்வொரு பம்ப்பும் நொடிக்கு 40 கனமீட்டர், ஏழும் சேர்ந்தால் 280. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு 10,000 ஹெக்டேர், சிங்கப்பூரில் ஆறில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள்: ஏழு பம்ப்பும் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், அந்தப் பரப்பின் மேல் பெய்த மழையில் 10 மில்லிமீட்டரைத்தான் வெளியேற்ற முடியும். நம் ஊர் மழை அதைப் பத்து நிமிடத்தில் கொட்டிவிடும். மிச்சத்தைத் தாங்குவது யார்? அணைக்கட்டுக்கு உட்பக்கம் இருக்கும் நீர்த்தேக்கம்தான். சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான இடங்கள் அதன் பலனைப் பெறுவது, அவ்வளவு பெரிய குளமும் அந்த பம்ப்புகளும் சேர்ந்து வேலை செய்வதால். இவ்வளவு பெரிய பம்ப்புகளே தனியாக நின்று ஜெயிக்கவில்லை என்றால் உங்கள் தெரு முனையில் வைக்கும் ஒரு பம்ப் எப்படி ஜெயிக்கும்?

அரசாங்கம் போகும் பாதையும் அதுதான். 2010, 2011-ல் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சாலையையே சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். அப்புறம் பூமலைக்கு (தாவரவியல் பூங்கா) அருகே, டயர்சால் அவென்யூவில், 38,000 கனமீட்டர் கொள்ளும் தொட்டியை நிலத்துக்கு அடியில் கட்டி 2018-ல் முடித்தார்கள். ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் நிறையும்போது மிகுதி அதில் போய் உட்காரும், மழை விட்டபின் திரும்பக் கால்வாய்க்கே இறைக்கப்படும். 2014-லிருந்து 0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள புதிய கட்டுமானங்கள் மழையைத் தம் வளாகத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெதுவாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. தெக்கோங் தீவில் கடல்மட்டத்துக்குக் கீழே 810 ஹெக்டேர் நிலத்தை 10 கிலோமீட்டர் கரை கட்டி எடுத்திருக்கிறார்களே, அங்கேயும் வடிகால், குளம், பம்ப் என்ற அதே வரிசைதான். கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பம்ப்புக்கு ஓய்வு நாள் மட்டும் குறைவு.

இனி நான் அதிகம் பார்த்த பக்கம்: பம்ப் இருந்தும் வெள்ளம் வருவது. பல வருடங்களுக்கு முன் ஒரு தனியார் வளாகத்திலிருந்து விடியற்காலை நாலரை மணிக்கு அழைப்பு. சுமத்ரா காற்று அடித்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தபோது கால்வாய்ப் பக்கம் முழங்கால் தண்ணீர். கட்டுப்பாட்டு அறையில் பேனலைப் பார்த்தால் எல்லா விளக்கும் பச்சை, ஒரு அலாரமும் இல்லை, ஆனால் பம்ப் ஓடவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பம்ப் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழங்காலுக்கு மேல் வெள்ளம், அந்தப் பக்கம் பள்ளம். நடுவில் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு ஒரு பஞ்சு மெத்தை, அதன் மேல் தென்னை மட்டைகள், பிளாஸ்டிக் பைகள். தண்ணீர் வரவில்லை என்பதால் பம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் குறைவு என்று சென்சார் சொன்னது பொய்யும் இல்லை. இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அந்த மெத்தையைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தோம். கடைசித் துண்டு வந்ததும் தண்ணீர் ஓவென்று உள்ளே பாய்ந்தது, அரை நிமிடத்தில் இரண்டு பம்ப்பும் கிளம்பின. அன்றிலிருந்து எந்த நிலையத்துக்குப் போனாலும் பம்ப்பைப் பார்க்கும் முன் கம்பித் தடுப்பைத்தான் பார்ப்பேன். அதன் முன்னும் பின்னும் தனித்தனி நீர்மட்ட சென்சார் இருக்கிறதா, வித்தியாசம் கூடினால் அலாரம் அடிக்குமா, மழையிலும் ஆள் பாதுகாப்பாக நின்று குப்பையை வாரும் மேடை இருக்கிறதா என்று கேட்பேன்.

அடுத்தது மின்சாரம். வெள்ளம் வரும் அதே புயல்தான் மின்சாரத்தையும் அறுக்கிறது. 2005-ல் நியூ ஆர்லியன்ஸில் கத்ரினா சூறாவளி வந்தபோது, நகரமே பம்ப்பை நம்பி இருந்தும், மின்சாரம் போய், நிலையங்களிலேயே தண்ணீர் புகுந்து, பல பம்ப்புகள் தேவைப்பட்ட நேரத்தில் ஓடவில்லை. நம் ஊரில் மின்தடை அபூர்வம் என்பதாலேயே ஜெனரேட்டரை யாரும் நினைப்பதில்லை. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சுமை இல்லாமல் ஓட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு இடத்தில் உண்மையான சுமை ஏறிய மூன்றாவது நிமிடத்தில் டீசல் வடிகட்டி அடைத்து நின்றது. பழைய டீசலின் கசடு. இன்னொரு இடத்தில் பேனலை அடித்தளத்தில் வைத்திருந்தார்கள், பம்ப் காப்பாற்ற வேண்டிய அதே அடித்தளத்தில். வரைபடத்தைப் பார்த்த பத்துப் பேரில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

கட்டுவது பற்றியும் கொஞ்சம். காலாங் ஆற்றுப்படுகையிலும் கிழக்குக் கரையோரத்திலும் பல இடங்களில் தோண்டினால் வருவது சாம்பல் நிறக் கடல் களிமண், கையில் அள்ளினால் மாவு போல வழியும். பக்கத்தில் வீடுகள் இருக்கும்போது அதில் ஆழமாகத் தோண்டுவதும், தோண்டும்போது நிலத்தடி நீரை இறைப்பதும் ஆபத்து. களிமண் நீரை இழந்தால் சுருங்கும், அக்கம்பக்கத்துச் சுவர்கள் விரிசல் விடும். அப்புறம், தொட்டி கனமானது, மண்ணுக்குள் அசையாமல் கிடக்கும் என்று நினைக்கத் தோன்றும். நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில் காலித் தொட்டி ஒரு படகு. மேலே சொன்ன 3,600 கனமீட்டர் தொட்டியை, முழுக்க நீருக்குள் இருந்தால், 3,600 டன்னுக்கு மேற்பட்ட விசை மேலே தள்ளும். அதன் எடை பற்றாவிட்டால் இழுத்துப் பிடிக்கும் பைல்கள், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள், போட வேண்டும். செலவில் பெரும்பங்கு இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிறது. பம்ப்பின் விலை மொத்தத்தில் சின்னத் தொகை.

இதுவரை சொன்னதில் எதையும் நான் தயங்கிச் சொல்லவில்லை. ஓதமும் கொள்ளளவும் அளந்து பார்க்கக்கூடியவை. வருங்காலக் கடல்மட்டம் அப்படி இல்லை. 2024-ல் வெளியான தேசிய ஆய்வு, 2100-க்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் இடுப்பளவு வித்தியாசம். உலகம் எவ்வளவு புகை விடுகிறது, துருவப் பனி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தது அது. எந்த எஞ்சினியரும் ஒரே எண்ணைக் கையில் தர முடியாது. ஆனால் எந்த எண் வந்தாலும் ஒன்று நடக்கும்: கால்வாய் வாய் தானாகத் திறந்திருக்கும் நேரம் ஒவ்வொரு பத்தாண்டிலும் குறையும், தண்ணீர் காத்திருக்க வேண்டிய நேரம் கூடும். சிங்கப்பூரில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டு நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குக் கீழே இருப்பதால் இது காத்தோங்கின் கவலை மட்டும் கிடையாது. ஈஸ்ட் கோஸ்டுக்கு வெளியே கடலில் திட்டமிட்டிருக்கும் ‘லாங் ஐலண்ட்’, ஏறக்குறைய 800 ஹெக்டேர், இதைத்தான் செய்யப் பார்க்கிறது: வெளியே உயரமான நிலம், நடுவில் நீர்த்தேக்கம், கடல் வாசலில் கதவுகளும் பம்ப்புகளும். என் அபிப்பிராயத்தில் யோசனை சரியானது, ஏனென்றால் அதில் தண்ணீர் காத்திருக்க இடம் இருக்கிறது. ஆனால் முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை நம்பி அடுத்த டிசம்பரைத் தள்ள முடியாது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் தெருவில் நடப்பது ஓதத்தால் வந்ததா, இல்லை லோங்காங் அடைப்பாலோ குறுகலாலோ வந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நீங்கள் சொன்ன ஒரு மணி நேரத்தை வைத்து என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. குறுகல் என்றால் மழை குறைந்ததும் தண்ணீரும் மளமளவென்று இறங்கும். அடைப்பு என்றால் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் ஒரு தெரு மட்டும்தான் மாட்டும். ஓதம் என்றால் மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாமல் நின்று, கடல் வற்றத் தொடங்கியபின் மெதுவாக இறங்கும். இன்னொரு அடையாளம்: மழையே இல்லாத பௌர்ணமி நாளில், கடல் ஏறும் நேரத்தில், லோங்காங்கை எட்டிப் பாருங்கள். தண்ணீர் உள்நோக்கி நகர்ந்தாலோ, சின்ன மீன்கள் தெரிந்தாலோ கடல் உங்கள் வாசல்வரை வருகிறது என்று அர்த்தம்.

அடுத்த நாலைந்து கனமழைக்கு ஒரு நோட்டில் இதை மட்டும் எழுதிவையுங்கள்: மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், தண்ணீர் கேட்டில் எந்த உயரம்வரை வந்தது, எப்போது இறங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. பக்கத்தில் அன்றைய கடல் ஏற்ற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல்துறை, துறைமுக ஆணையம் அந்த அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வடிகால்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) டெலிகிராம் வெள்ள எச்சரிக்கையில் சேர்ந்துகொண்டால் காரை நேரத்தோடு நகர்த்திவிடலாம். இந்தக் குறிப்போடு நீங்கள் கழகத்துக்கு எழுதினால், “எங்கள் தெருவில் வெள்ளம்” என்ற ஒற்றை வரிப் புகாரைவிட அவர்களுடைய எஞ்சினியருக்கு அது பல மடங்கு உதவும். எனக்கும் அதையே இங்கே கீழே போடுங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்.